கடையில் பொருந்திய நிறம் வெளியே ஏன் மாறுகிறது? வழவழப்பான சுவரில் இரவில் மட்டும் மேடுபள்ளம் ஏன்?

கேள்வி: கடை விளக்கில் புடவைக்குக் கச்சிதமாகப் பொருந்திய பிளவுஸ் துணி, வெளியே வந்ததும் பொருந்தாமல் போகிறதே, ஏன்? அதேபோல, பகலில் வழவழப்பாக இருந்த புதுச் சுவர் இரவில் விளக்கைப் போட்டதும் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதே, அது எதனால்?

பதில்: இரண்டுக்கும் காரணம் விளக்குதான். ஆனால் விளக்கின் இரண்டு வெவ்வேறு குணங்கள் இங்கே வேலை செய்கின்றன. விளக்கின் ஒளியில் எந்தெந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பது நிறத்தைத் தீர்மானிக்கிறது. சொரசொரப்பும் வழவழப்பும் கண்ணுக்குத் தெரிவது, அந்த ஒளி எந்தத் திசையிலிருந்து வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நிறத்தைச் சோதிக்க விளக்கை மாற்ற வேண்டும், பரப்பைச் சோதிக்க விளக்கை நகர்த்த வேண்டும். ஒரே விளக்கின் கீழ் இரண்டு துணிகளை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், சுவருக்கு இன்னும் பெரிய பல்பு வாங்கி மாட்டினாலும் விடை கிடைக்காதது இதனால்தான்.

முதலில் நிறம். சாயம் செய்வது ஒன்றுதான்: தன்மேல் விழும் ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கில் இல்லாத அலைநீளத்தைச் சாதாரணச் சாயம் எதனாலும் திருப்பி அனுப்ப முடியாது. சில ஊர்களின் தெருவிளக்குகளில் முன்பு இருந்த தாழ்வழுத்த சோடியம் விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டுமே தரும். அதன் கீழ் சிவப்புப் புடவை, பச்சைப் புடவை என்ற பேச்சே கிடையாது. எல்லாம் மஞ்சளின் வெளிர், அடர் சாயல்கள்தான்.

திரும்பி வந்த ஒளியைக் கண் எப்படி அளக்கிறது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. நாம் பார்க்கக்கூடிய ஒளி சுமார் 380 முதல் 750 நானோமீட்டர் வரை பரவியிருக்கிறது. அதை அளக்க விழித்திரையில் இருப்பவை மூன்றே வகைக் கூம்பு செல்கள். அவற்றின் உச்ச உணர்திறன் ஏறத்தாழ 420, 534, 564 நானோமீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு வகையும் தனக்குக் கிடைத்த ஒளியைக் கூட்டி ஒரே அளவாகத்தான் சொல்லும்; அது எந்த அலைநீளத்திலிருந்து வந்தது என்ற விவரம் அங்கேயே தொலைந்துவிடும். ஆக, ஒரு நீண்ட நிறமாலை மூன்று எண்களாகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் 1802-லேயே கண்ணில் மூன்று வகை உணர்விகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். உங்கள் போன் திரை இந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் பிழைக்கிறது: திரையில் தெரியும் மஞ்சளில் மஞ்சள் அலைநீளம் அநேகமாக இருக்காது, சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணில் அதே மூன்று எண்களை உண்டாக்குகின்றன.

இதே வசதி துணியில் வில்லங்கமாகிறது. புடவையும் பிளவுஸ் துணியும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பினாலும், ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் அந்த மூன்று எண்களும் தற்செயலாக ஒன்றாகிவிடலாம். விளக்கு மாறினால் எண்கள் பிரிந்துவிடும். சாயப்பட்டறைகளில் இதை மெட்டமெரிசம் என்பார்கள். பட்டுப் புடவைக்கு டூ பை டூ பருத்தியில் பிளவுஸ் எடுக்கும்போது இது கிட்டத்தட்ட தவிர்க்க முடியாதது. பட்டுக்குப் பெரும்பாலும் ஆசிட் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். மூலக்கூறே வேறு என்பதால் அவை விழுங்கும் அலைநீளங்களும் வேறு. புடவையிலேயே சேர்த்து நெய்து வரும் பிளவுஸ் துணி எந்த வெளிச்சத்திலும் பொருந்துவது, இரண்டிலும் இழையும் சாயமும் ஒன்றாக இருப்பதால்தான்.

எந்த நிறங்கள் அதிகம் ஏமாற்றும்? ஒரே சாயத்தில் வராமல் இரண்டு மூன்று சாயம் கலந்து எடுக்கும் மங்கல் நிறங்கள்: சாம்பல், காப்பிப் பொடி நிறம், ஆலிவ் பச்சை, மெரூன், கத்தரிப்பூ, கருநீலம். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளில் இந்தத் தொல்லை குறைவு.

இப்போது விளக்குகளுக்கு வருவோம். குண்டு பல்பின் ஒளி தொடர்ச்சியானது, ஆனால் சிவப்புப் பக்கம் மிகுந்து நீலம் குறைந்தது. டியூப்லைட்டின் ஒளி சில குறுகிய முனைகளில் குவிந்திருக்கும். பாதரசத்தின் 436, 546 நானோமீட்டர் கோடுகளும், நல்ல வகை டியூப்களில் 611 அருகே ஒரு சிவப்புக் கோடும் உண்டு. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் 450 நானோமீட்டர் நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பொடி) நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. மலிவான எல்இடியில் 480 அருகே ஒரு பள்ளமும், 630-க்கு மேல் அடர் சிவப்பில் பற்றாக்குறையும் இருக்கும். அரக்குச் சிவப்பும் மெரூனும் அதன் கீழ் உயிரில்லாமல், பழுப்பேறித் தெரிவது இதனால்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் 6500 கெல்வின் என்பதைப் பார்த்துப் பகல் வெளிச்சத்துக்குச் சமம் என்று நம்பிவிட வேண்டாம். அது வெள்ளை எந்தச் சாயலில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே என்னென்ன அலைநீளம் இருக்கிறது என்பதைச் சொல்லாது. விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை அறிய, 100-ஐ உச்சமாகக் கொண்ட சி.ஆர்.ஐ. என்ற எண் வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்டியில் அச்சாகும் சி.ஆர்.ஐ. எட்டு வெளிர் நிற மாதிரிகளின் சராசரி; அடர் சிவப்பு அதில் சேரவே சேராது. அது ஆர்9 என்று தனியாக அளக்கப்படுகிறது. சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். துணியோ தையலோ உங்கள் தொழில் என்றால் சி.ஆர்.ஐ. 95-க்கு மேல், ஆர்9 குறைந்தது 80 என்று கேட்டு வாங்குங்கள். எண்ணைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

வெள்ளைத் துணிக்கும் இதே கதை வேறு வழியில் உண்டு. சலவைத்தூளிலும் புது வேட்டியிலும் இருக்கும் ஒளிர்வேற்றி, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். வெயிலில் வேட்டி கண்ணைப் பறிப்பது அதனால். சாதாரண எல்இடியில் புறஊதா அநேகமாக இல்லை, ஆகவே வீட்டுக்குள் அதே வேட்டி சுமாரான வெள்ளைதான். சொட்டு நீலம் வேறு சங்கதி. அது மஞ்சளை மறைக்கும் வெறும் சாயம் என்பதால் எந்த விளக்கிலும் வேலை செய்யும்.

திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்கு ஷேடு ஒப்பிடுபவர்கள் இந்தத் தகராறு வரக்கூடாது என்றுதான் லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம் அடித்த பெட்டி. அதில் பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட்டுக்கு டி.எல்.84, குண்டு பல்புக்கு ஏ, ஒளிர்வேற்றியைக் காட்ட புறஊதா என்று தனித்தனி விளக்குகள். ஒரு விளக்கில் பொருந்தினால் போதாது, வாங்குபவர் குறிப்பிட்ட விளக்குகள் எல்லாவற்றிலும் பொருந்த வேண்டும். பெட்டி இல்லாமலேயே இந்த முறையைக் கடையில் செய்துவிடலாம்.

புடவையையே கொண்டுபோங்கள். நூல் துணுக்கையோ போன் படத்தையோ நம்பிப் போக வேண்டாம். இரண்டு துணியையும் ஒளி ஊடுருவாத அளவுக்கு, நான்கு மடிப்பாவது மடித்து, விளிம்போடு விளிம்பு இடைவெளியில்லாமல் ஒட்டி வையுங்கள். நடுவில் ஒரு கோடு இடைவெளி இருந்தாலே சிறு வித்தியாசத்தைக் கண் விட்டுவிடும். ஒளி 45 பாகைச் சாய்வில் விழ, நீங்கள் நேர் மேலிருந்து பாருங்கள். பிறகு இடம் வலம் மாற்றி வைத்துப் பாருங்கள். பக்கம் மாறியதும் தீர்ப்பு மாறினால் விளக்கு சீராக விழவில்லை என்று பொருள். அடுத்து கடை வாசலுக்கு வந்து நிழலில் பாருங்கள். காலை 10 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள் என்றால் நல்லது. நேர் வெயிலும் வேண்டாம், மரத்தடியும் வேண்டாம் (இலை வழியே வரும் ஒளி பச்சை), வண்ணச் சுவரை ஒட்டியும் வேண்டாம். மூன்றாவதாக, கடையில் மஞ்சள் விளக்கு எரியும் மூலை ஒன்று இருக்கும், அங்கே பாருங்கள். மூன்றிலும் ஒத்துப்போனால் வாங்கலாம். எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் துணி கிடைக்கவே இல்லையென்றால், அந்தப் புடவையை எந்த வெளிச்சத்தில் உடுத்தப் போகிறீர்களோ அதற்கே முன்னுரிமை. முகூர்த்தப் புடவைக்கு மண்டப விளக்கு, அலுவலகத்துக்குப் பகல் வெளிச்சம்.

வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் தீர்ப்பு சொல்லாதீர்கள். புது விளக்கின் சாயலுக்குக் கண் பழக ஓரிரு நிமிடமாவது ஆகும். சுற்றியிருக்கும் நிறமும் ஏமாற்றும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் பொறுப்பேற்ற செவ்ரல் என்ற வேதியியலாளரிடம் கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டின. ஆகவே, சிவப்புக் கம்பளம் விரித்த மேடையில் இல்லாமல், வெள்ளைத் துணியோ சாம்பல் அட்டையோ விரித்து அதன்மேல் ஒப்பிடுங்கள். 2015-இல் ஒரு உடையின் படத்தைப் பார்த்து நீலமும் கறுப்பும் என்று பலரும் வெள்ளையும் பொன்னிறமும் என்று வேறு பலரும் உலகெங்கும் சண்டை போட்டது நினைவிருக்கலாம். அந்த உடை உண்மையில் நீலம்-கறுப்பு. படத்தில் விளக்கு எது என்பதற்கான தடயம் போதாததால், நிழல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்ட மூளை ஒரு நிறத்தையும், மஞ்சள் விளக்கு என்று எடுத்துக்கொண்ட மூளை வேறு நிறத்தையும் கண்டது.

இரட்டை நிறப் பட்டுக்கு மட்டும் மேலே சொன்ன முறை போதாது. மயில் கழுத்து நிறம் போன்ற புடவைகளில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் ஒளியைக் குறிப்பிட்ட திசையில் பளிச்சென்று திருப்பும். பாவு ஒரு திசையிலும் ஊடை குறுக்குத் திசையிலும் ஓடுவதால், ஒரு கோணத்தில் ஒன்று மின்னும்போது மற்றது அடங்கியிருக்கும், திருப்பினால் தலைகீழாகும். இங்கே நிறமே திசையைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆகவே பிளவுஸ் துணியைத் தட்டையாக வைத்து ஒப்பிடாமல், புடவையைக் கொசுவம்போல் மடித்துத் தொங்கவிட்டு, மடிப்புகளில் அதிகம் தெரியும் நிறத்தோடு பொருத்துங்கள். (உண்மையான மயிலின் கழுத்தில் நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பு சில அலைநீளங்களை மட்டும் பலப்படுத்தித் திருப்புகிறது. புடவையில் இருப்பது இரண்டு சாயம், மயிலில் இருப்பது கட்டமைப்பு.)

ஜரிகை இன்னொரு வகை. பருத்தி, பட்டு, பெயிண்ட் போன்றவற்றின் மேற்பரப்பிலிருந்து கண்ணாடிபோல் நேராகத் திரும்பும் பளபளப்பு, விளக்கின் நிறத்திலேயே இருக்கும். அதில் சாயத்தின் பங்கு இல்லை. உலோகத்தில் அந்தப் பளபளப்பே நிறம் கொண்டது. தங்கம் சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலத்தைச் சரியாகத் திருப்பாது, அதனால் அதன் மினுமினுப்பும் மஞ்சளாகவே இருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு வெள்ளையாக இருக்கும். போலியைக் கண் சட்டென்று சந்தேகிப்பது இந்த வித்தியாசத்தால்தான். ஜரிகை மின்ன வேண்டுமானால் சிறு புள்ளி போன்ற விளக்கு வேண்டும். பரவலான பேனல் விளக்கில் நல்ல ஜரிகையும் வெறும் மஞ்சள் நூலாகப் படுத்துவிடும். நகைக்கடைகளில் கூரை முழுக்க ஸ்பாட் விளக்கு பதித்திருப்பது அலங்காரத்துக்காக மட்டுமில்லை.

இனி சுவர். இங்கே கணக்கு எளிமையானது, ஆனால் விளைவு பெரியது. ஒரு மட்டமான பரப்பு எவ்வளவு வெளிச்சம் வாங்கும் என்பது ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. சுவரில் ஓரிடம் 1 பாகை மட்டும் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பட்டி வைக்கும்போது தகடு லேசாக அழுந்திய இடம். ஒளி நேர் எதிரிலிருந்து விழுந்தால் அந்த இடத்தின் பிரகாசம் 0.02 சதவீதம்கூட மாறாது. 45 பாகையில் விழுந்தால் 1.7 சதவீதம். சுவரை உரசிக்கொண்டு 5 பாகையில் விழுந்தால் 20 சதவீதம்! நல்ல வெளிச்சத்தில் கண் சுமார் 1 சதவீத வேறுபாட்டைக்கூடக் கண்டுகொள்ளும். ஆக நேர் ஒளியில் சுவர் கண்ணாடிபோல் இருப்பதும், உரசும் ஒளியில் அம்மைத் தழும்பாகத் தெரிவதும் ஒரே சுவர்தான். நிழலும் அப்படியே. அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மணல்துகள் 45 பாகை ஒளியில் அரை மில்லிமீட்டர் நிழல்தான் போடும். 5 பாகையில் அதே துகளின் நிழல் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும்.

பகலில் ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் பரவலானது, எல்லாப் பக்கமிருந்தும் விழுவதால் நிழலை நிரப்பிவிடும். இரவில் சுவரை ஒட்டி மாட்டிய விளக்கும், ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒளித்து வைத்த எல்இடி பட்டையும் சரியாக உரசும் கோணத்தில்தான் ஒளியை அனுப்புகின்றன. தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் இதே குணத்தைச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். கோயில் சுவரில் வெயில் நேர் எதிரே விழும்போது எழுத்தே இல்லாததுபோல் இருக்கும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். 2001-இல் கணினி ஆய்வாளர் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய சகாக்களும் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள்: கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் வைத்துப் படமெடுத்து, பிறகு திரையில் விருப்பப்பட்ட திசையிலிருந்து ஒளி விழச் செய்வது. பழங்காலக் கிரேக்க வானியல் கணிப்புக் கருவியான ஆண்டிகிதெரா இயந்திரத்தின் எழுத்துகளைப் படிக்கவும் அந்த முறை உதவியது.

ஒளியின் திசைக்கு இணையாக ஓடும் கோடு அந்த ஒளியில் தெரியாது, குறுக்கே ஓடுவதுதான் தெரியும். ஆகவே சுவரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சோதித்தால் பாதிக் குறை தப்பிவிடும். பட்டி இரண்டாவது கோட் காய்ந்து உப்புத்தாள் போட்டதும், பிரைமர் அடிக்கும் முன், அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கைவிளக்கைச் சுவரிலிருந்து நான்கைந்து அங்குலத்தில் பிடித்து முதலில் இடமிருந்து வலமாகவும், பிறகு மேலிருந்து கீழாகவும் ஒளியை ஓட்டுங்கள். மேட்டையும் பள்ளத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். எது மேடு, எது பள்ளம் என்பதில் கண் குழம்பும். ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை பெரும்பாலும் ஊகிக்கும் என்பதால், கீழிருந்து விளக்கு பிடித்தால் பள்ளம் மேடாகத் தெரியும். விளக்கு இருக்கும் பக்கம் வெளிச்சமாகவும் அடுத்த பக்கம் நிழலாகவும் இருந்தால் மேடு, மாறி இருந்தால் பள்ளம். சந்தேகமிருந்தால் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேட்டைத் தேய்த்து, பள்ளத்தில் மட்டும் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி விளக்கு பிடிக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு இந்தச் சோதனை செய்வது வீண்செலவு. பெயிண்ட் குறையை மூடாது. சற்றுப் பளபளப்பான பெயிண்ட் அதைப் பெரிதாக்கியே காட்டும்.

வேலை முடிந்துவிட்ட வீடு என்றால் விளக்கின் இடத்தை மாற்றிப் பாருங்கள். சுவரிலிருந்து 6 அங்குலத்தில் இருக்கும் கூரை விளக்கு, 5 அடி கீழே சுவரில் படும்போது கோணம் 6 பாகைக்கும் குறைவு. அதையே 2 அடி தள்ளி மாட்டினால் கோணம் கிட்டத்தட்ட 22 பாகை ஆகிவிடும். மேலே சொன்ன 1 பாகைச் சாய்வு காட்டும் வேறுபாடு 17 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கும். அதோடு பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயிண்டும் சேர்ந்தால் பெரும்பாலான சுவர்கள் பார்வைக்குத் தேறிவிடும். மேட் பெயிண்ட் கைபட்டால் சீக்கிரம் கறையாகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

பளபளப்பு பற்றி ஒன்று. கண்ணாடி, வார்னிஷ் போன்ற பரப்பு, நேராகப் பார்க்கையில் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் கண்ணாடிபோல் திருப்பும். நேர்ப் பார்வையிலிருந்து 60 பாகை சாய்ந்து பார்த்தால் அது 9 சதவீதம், 80 பாகை சாய்ந்தால் 40 சதவீதத்தை நெருங்கும். நேராகப் பார்த்தால் பளபளக்காத சுவரும், சுவரோரம் நின்று நீளவாட்டில் பார்த்தால் பளபளப்பது இதனால். ஒரே டப்பா பெயிண்டை எடுத்துச் சுவரில் ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் தெரிவதற்கும் அநேகமாக இதுவே காரணம். நேர் எதிரே நின்று பார்த்தால் நிறம் ஒன்றாகவே இருக்கும். ரோலரில் அடித்த சுவரில் பிரஷ்ஷால் ஒட்டுப்போட்டதால் பரப்பின் நுண்மேடுகள் மாறியிருக்கும், அல்லது பிரைமர் இல்லாத பட்டி பெயிண்டை உறிஞ்சி அந்த இடத்தின் பளபளப்பு குறைந்திருக்கும். பெயிண்டர் நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று டப்பாவில் ஸ்டெய்னர் (நிறமேற்றும் திரவம்) கலக்க ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பிரைமர் கொடுத்து, முன்பு பயன்படுத்திய அதே வகை ரோலரால், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரு கோட் ஓட்டினால்தான் திட்டு போகும்.